செலிங்காவிலிருந்து இரண்டு டின் மண்

பிரிக்பீல்ட்ஸ்,
3 பிப்ரவரி 2024

திரு. வாசு அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது வழக்கம். அதனால் தொடங்கிவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் செலிங்கா தீவில் படகு வந்து நிற்கும் ஜெட்டி முனையில் மட்டும்தான் லைன் கிடைக்கும். அங்கே நின்று நீங்கள் பேசினால் மீன் வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். அதோடு நாம் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடும். கடைசியாகப் பேசியது உங்கள் அக்கா தவறியபோது. அன்றைக்கும் சண்டைதான். காகிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் தென்னந்தோட்டத்துக் குடும்பங்கள் இருபத்தேழும் இப்போது கிள்ளானில், மேரு சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கின்றன. தோட்டத்தை மூடியபோது ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், முனியாண்டி சாமியைத் தீவிலேயே விட்டுவிட்டார்கள். அந்த உறுத்தல் அவர்களுக்குப் போகவில்லை. ஒருவருக்குக் கால் முறிந்தாலும், ஒரு வீட்டில் கல்யாணம் தட்டிப்போனாலும் சாமியை விட்டு வந்ததுதான் காரணம் என்கிறார்கள். இப்போது அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடைத்து, சின்னதாகக் கோயில் எழும்புகிறது. பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து புதுப் பீடத்துக்கு அடியில் வைத்தால்தான் சாமி இடம் மாறி வருவாராம். மண் எடுத்துக் கொடுக்கத் தீவில் மிச்சமிருக்கும் நம் ஆள் நீங்கள் ஒருவர்தான்.

கோயில் செயலாளர் நாகையா அண்ணன் நான் வேலை செய்யும் தையல் கடைக்கே வந்துவிட்டார். "நீதாம்மா கேக்கணும். நாங்க கேட்டா வாசு பதிலே போட மாட்டான்லா" என்றார். நான் கேட்டால் மட்டும் போடுவாரா என்றேன். "நீ பொண்டாட்டி இல்ல?" என்றார். பத்தொன்பது வருஷம் தள்ளி இருந்தாலும் அந்தப் பட்டம் மட்டும் கழன்று விழாது போலிருக்கிறது.

முடிந்தால் அனுப்புங்கள். முடியாதென்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
லோகேஸ்வரி


பெக்கான் செலிங்கா,
15 பிப்ரவரி 2024

அன்புள்ள லோகா,

உன் கடிதத்தை நீட்டும்போது தபால் நிலையத்து சல்மா சிரித்தாள். கரண்டு பில்லைத் தவிர எனக்கு எதுவும் வந்து அவள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டுத்தான் பிரித்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். பம்பு ஹவுஸ் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் மோட்டார் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த ஊர் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. ஒரே தெருவில் பதினொரு கடை இருந்ததல்லவா? நான்குதான் திறக்கிறது. போன வருஷம் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள், ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு வாத்தியார் எதற்கு என்று. கிளினிக்கில் திங்கட்கிழமை மட்டும் ஆள் இருப்பார். மற்ற நாளில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது.

கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. கொப்பரைக் கொட்டகை போய்விட்டது. பந்துத் திடலில் பாதி போய்விட்டது. முனியாண்டி மேட்டில் இருப்பதால் தப்பித்தார். கூரைத் தகரம் விழுந்துவிட்டாலும் சூலம் நிற்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறேன். பிடிமண்ணை அவரிடம் கேட்டு எடுத்து அனுப்புகிறேன், நாகையாவிடம் சொல்லிவிடு.

இன்னொன்று. கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. பாப்பாவை வைத்த இடம் கடலோரம் என்பது உனக்குத் தெரியும். அலை கிட்டே வந்துவிட்டது. அவளிடமிருந்தும் ஒரு பிடி எடுத்து உனக்கு அனுப்பட்டுமா? நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

ஏன் இன்னும் இங்கேயே கிடக்கிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது, சொல்.

அன்புடன்,
வாசு


பிரிக்பீல்ட்ஸ்,
26 பிப்ரவரி 2024

வாசு அவர்களுக்கு,

அனுப்புங்கள்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. "கிளினிக்கில் ஆள் இல்லாத நாளில் காய்ச்சல் வரக்கூடாது" என்று எத்தனை சுலபமாக எழுதிவிட்டீர்கள். நம் பிள்ளைக்கு அப்படி ஒரு நாளில்தானே காய்ச்சல் ஏறியது. சாயங்காலம் மீன்பிடிப் படகு தயாராக நின்றது, லுமுட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். "கடல் சரியில்ல, காலையில போலாம்" என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. காலையில் ஜெட்டியில் காத்திருந்தோம். என் மடியிலேயே முடிந்தது. சின்னப் பிள்ளைக்குப் பதினாறு கிடையாது என்று, மூன்றாம் நாள் பால் ஊற்றி எல்லோரும் கை கழுவினார்கள். நானும் கிளம்பி வந்துவிட்டேன்.

கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன், உங்கள் அக்காவிடமும் சொன்னேன். ஒருநாளும் நீங்கள் மறுத்துப் பேசியதில்லை.

பாப்பாவிடம் மண் எடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

லோகேஸ்வரி


பெக்கான் செலிங்கா,
7 மார்ச் 2024

அன்புள்ள லோகா,

நீ எழுதியது எல்லாம் சரி. அன்றைக்குச் சொன்னது நான்தான். அதில் மறுபேச்சு இல்லை.

திங்கட்கிழமைச் சரக்குப் படகில் சாதிக்கிடம் இரண்டு டின் கொடுத்துவிட்டேன். அவன் கிள்ளானுக்குச் சாமான் எடுக்க வருகிறான், உன்னிடமே தருவான். அவசரத்தில் சீட்டு எழுதி வைக்க மறந்துபோனேன், அதனால் இந்தக் கடிதம். இரண்டும் ஒரே மாதிரி பிஸ்கட் டின், ஒரே மஞ்சள் துணி. சிவப்பு நூல் கட்டியது முனியாண்டி. அது கனமாக இருக்கும், பீடத்தடியில் ஈர மண், கல்லும் கலந்திருக்கிறது. வெள்ளை நூல் கட்டியது உனக்கு. சாதிக்கிடம் சொல்லியிருக்கிறேன், தலையாட்டினான். அவன் எதற்கும் தலையாட்டுவான், அதுதான் யோசனை.

உன்னிடம் இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சிரித்தாலும் பரவாயில்லை. பாலர் பள்ளி விட்டு பாப்பா பன்னிரண்டரைக்கு வருவாளே, வாசல் கேட்டில் ஏறித் தொங்கி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தானே உள்ளே வருவாள்? நீ போன பிறகு, தினமும் அந்த நேரத்துக்குக் கேட்டின் கொக்கி ஒரு தடவை "டிக்"கென்று விழும். எட்டிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் பயந்தேன். பிறகு அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டேன். வேலை எங்கே இருந்தாலும் பன்னிரண்டரைக்கு வந்துவிடுவேன். பம்பு ஹவுஸ் ஆட்கள் இவனுக்குப் பசி தாங்காது என்று கேலி பண்ணுவார்கள்.

இந்த மூன்று நாளாகச் சத்தம் இல்லை. காற்று திசை மாறியிருக்கும்.

அன்புடன்,
வாசு


பிரிக்பீல்ட்ஸ்,
25 மார்ச் 2024

வாசு அவர்களுக்கு,

டின் இரண்டும் வந்து சேர்ந்தன. உங்களிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. சாதிக் என்று ஒருவன் தையல் கடை வாசலில் லோரியை நிறுத்தி, "ஒண்ணு கோயிலுக்கு, ஒண்ணு உங்களுக்குக்கா. எது எதுன்னு அண்ணன் சொன்னாரு, மறந்துட்டேன்லா" என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். உங்களுக்கு மூன்று நாள் போன் அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தால் பிரதிஷ்டை.

நான் என்ன செய்வேன்? இரண்டையும் வலது கையில் ஒரு தடவை, இடது கையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். சிவப்பு நூல் கட்டியது நல்ல கனம். அதுதான் பாப்பா என்று தெரிந்துகொண்டேன். ஜெட்டியிலிருந்து வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். அந்தக் கனம் எனக்குத் தெரியாதா? அதை வீட்டில் அவள் படத்துக்குக் கீழே வைத்தேன். வெள்ளை நூலை எடுத்துக்கொண்டு காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவி ரொம்ப நேரம் என் மடியையே பார்த்துவிட்டு, பெட்டாலிங் ஸ்டேஷன் வந்ததும் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

பழைய கோயிலுக்கு விளக்கு வைத்த வீட்டு ஆள்தான் மண் சுமக்க வேண்டும் என்று என் தலையில்தான் ஏற்றினார்கள். மேளத்தோடு மூன்று சுற்று வந்தேன். பூசாரி வாங்கிப் பீடத்துக்கு அடியில் கொட்டி, சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்.

பிறகு நடந்ததைச் சிரிக்காமல் படியுங்கள். யுகேந்திரனுக்கு அருள் வந்தது. அவனைத் தெரியாது உங்களுக்கு. போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறான், முப்பது வயது, தீவு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவன். முனியாண்டி வந்தால் என்ன கேட்பார்? சுருட்டு, ஸ்டவுட் பீர். நாகையா அண்ணன் இரண்டையும் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு நிற்கிறார். யுகேந்திரன் ஆடவே இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டி, பிள்ளைகள் குடிக்கிற மைலோ கேட்டான். யாரோ ஓடிப்போய்க் கலக்கி வந்தார்கள். தட்டிவிட்டான். தூளாகத்தான் வேண்டுமாம். கையில் கொட்டியதும் நக்கி நக்கித் தின்றான். "சாமிக்கு இப்ப சுகர் இல்ல போல" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் அப்படித் தின்றது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சுருட்டு வாடை. நான்காவது மாடி. என் பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு நர்ஸ். மூன்று நாளாக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், போகவில்லை. பாப்பா படத்துக்கு வைத்த பால் பொங்கலையும் எறும்பு தொடவில்லை. எதையோ தவறாகச் செய்துவிட்டேன் என்று தோன்றுகிறது. உடனே எழுதுங்கள்.

லோகேஸ்வரி


பிரிக்பீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 2024

பாப்பா அப்பாவுக்கு,

மார்ச் ஏழாம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுக் காலைதான் வந்தது. ஷா ஆலமில் யார் வீட்டுக்கோ போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது, உறையில் இரண்டு முத்திரை. சிவப்பு முனியாண்டி, வெள்ளை பாப்பா. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதைவிட மோசம். நான் முனியாண்டியைப் பிள்ளை படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, என் பிள்ளையைத் தலையில் சுமந்து போய்ச் சிமெண்டுக்கு அடியில் கொடுத்துவிட்டேன்.

கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் கிள்ளானுக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை பூசை நடந்துகொண்டிருந்தது. யுகேந்திரன் மறுபடியும் உட்கார்ந்துதான் இருந்தான். சூலத்தைப் பார்த்து இல்லை, சாக்கடைப் பக்கம் திரும்பி, முட்டியைக் கட்டிக்கொண்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் குரல்தான், ஆம்பிளைக் குரல்தான். "படகு வந்துருச்சாம்மா?" என்று கேட்டான்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஜெட்டியில் அன்றைக்குக் காலை அவள் இதைத்தானே கேட்டுக்கொண்டே இருந்தாள்? நீங்களும் நானும் தவிர அதைக் கேட்டவர்கள் யார்? நான் எவரிடமும் சொன்னதில்லை. எதை எதையோ சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை.

என்னைத் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். "அருள் வாங்குற வயசாம்மா உனக்கு?" என்று நாகையா அண்ணன் கேலி பண்ணினார். யாருக்கும் எதுவும் புரியவில்லை. சாமி இடம் மாறி வந்ததில் வழி தெரியாமல் குழம்பியிருக்கிறார், மண்டலம் முடிந்தால் சரியாகிவிடும் என்று பூசாரி சொல்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. என் பிள்ளை ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறாள். ஆனால் அவளுக்கு முன்னால் சுருட்டைப் பற்றவைத்து ஊதுகிறார்கள். மேளச் சத்தத்துக்கு அவள் காதைப் பொத்திக்கொள்வாள், உங்களுக்குத் தெரியும். கமிட்டியிடம் சொன்னால் சமாதி மண் பீடத்தடியில் என்று பதறுவார்கள். தீட்டு என்று தோண்டி எடுத்துக் கிள்ளான் ஆற்றில் கொட்டிவிடுவார்கள். சொல்லாமல் இருந்தால் இருபத்தேழு குடும்பமும் முனியாண்டி என்று நினைத்து என் பிள்ளையிடம் வேலை கேட்கும், மாப்பிள்ளை கேட்கும். ஆறு வயதுப் பிள்ளை யாருக்கு என்ன கொடுப்பாள்?

நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள். இந்த ஒரு தடவை உங்களைக் கேட்கிறேன்.

லோகா


பெக்கான் செலிங்கா,
18 ஏப்ரல் 2024

அன்புள்ள லோகா,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. ஜெட்டியிலேயே உட்கார்ந்து படித்தேன். சல்மா தபால் நிலையத்தை அடைத்துவிட்டுப் போகும்போது, "அங்கிள், ஓகேவா?" என்று கேட்டாள். ஓகே என்றேன்.

என்ன செய்வது என்று கேட்டாய். அதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ மன்னிக்க மாட்டாய்.

அந்த டின்னில் இருந்தது பாப்பாவின் சமாதி மண் இல்லை. சமாதி என்று ஒன்று இப்போது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், நவம்பர் பெருக்கில் அந்தக் கரையே போய்விட்டது. இரண்டு நாள் மழை, வெளியே தலைகாட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நான் நட்ட செம்பருத்தி இருந்த இடத்தில் தண்ணீர். இடுப்பளவு இறங்கித் தேடினேன். மீன்காரர்கள் வந்து இழுத்துக் கரையில் போட்டார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? ஏற்கெனவே ஒரு தடவை அவளை நான் கடலிடம் தோற்றவன். இரண்டாவது தடவையும் தோற்றேன் என்று எழுதக் கை வரவில்லை. அலை கிட்டே வந்துவிட்டது என்று எழுதினேன். அது பொய்.

மண் அனுப்பட்டுமா என்று உன்னிடம் கேட்டதும் அவளைப் பற்றி நீ ஒரு வரி எழுதுவாய் என்ற ஆசையில்தான். நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று நினைத்தேன். அனுப்புங்கள் என்று நீ எழுதியதும், எதை அனுப்புவது என்று ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில் நம் கேட்டுக்கு அடியில் எடுத்தேன். தொங்கி ஆடும்போது காலால் உரசி உரசி ஒரு பள்ளம் போட்டிருந்தாளே, அங்கே. அந்தப் பள்ளத்தை இத்தனை வருஷமும் நான் மூடவிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன்.

அன்றிலிருந்து கொக்கி விழவில்லை. காற்று என்று உனக்கு எழுதினேன், அதுவும் பொய். காற்று எப்போதும்போல்தான் அடிக்கிறது. பன்னிரண்டரைக்கு வந்து உட்காருகிறேன். ஒரு மணி ஆகிறது, இரண்டு மணி ஆகிறது. ஒன்றும் இல்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. மண்ணோடு அவளும் கிளம்பி உன்னிடம் வந்துவிட்டாள். அவளை நானே டின்னில் போட்டு அனுப்பிவிட்டேன்.

கமிட்டியிடம் சொல். சமாதி மண் இல்லை, வீட்டு மண் என்று சொல். தீட்டு என்று யாரும் வாய் திறக்க முடியாது. எனக்கு இங்கே இனி யாரும் இல்லை. கோழிகளைச் சல்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றிருக்கிறேன். உன் வீட்டில் இல்லை, கிள்ளானில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறை போதும். நீ "வா" என்று ஒரு வார்த்தை எழுதினால் வருகிறேன்.

அன்றைக்குப் படகு எடுக்காதவன் நான்தான். பொய் சொன்னவனும் நான்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவு செய்.

வாசு


பிரிக்பீல்ட்ஸ்,
12 மே 2024

பாப்பா அப்பாவுக்கு,

நீங்கள் வர வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தது. மூன்று வருஷம் இல்லாத சமாதிக்கு நான் இங்கிருந்து மனசுக்குள் பூப்போட்டுக்கொண்டிருந்தேனே என்று உங்கள் கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் எறிந்தேன். பிறகு எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன். இடுப்பளவு தண்ணீரில் நீங்கள் தனியாகத் தேடியிருக்கிறீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது, ஆனாலும் நானும் இறங்கியிருப்பேன்.

நாகையா அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப்போய் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "சமாதி மண்ணாம்மா?" என்றார். இல்லை, வீட்டு வாசல் மண் என்றேன். "அப்படின்னா தீட்டு இல்ல" என்று மூச்சு விட்டார். பிறகு மெதுவாக, "எம் பேத்திக்கு மார்க் வேணும்னு வேண்டிக்கிட்டேன்மா, அது பாப்பாகிட்டயா போச்சு?" என்று கேட்டார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மண்டலம் முடிந்த அன்று, புதன்கிழமை, சிமெண்டுப் பலகையைப் பெயர்த்தார்கள். வேறு யாரையும் தொடவிடாமல் நானே கையால் அள்ளினேன். நாற்பத்தெட்டு நாள் மூடிக் கிடந்த மண் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் வெதுவெதுவென்று இருந்தது. பிறகு சிவப்பு நூல் டின்னைக் கொட்டினார்கள். அன்றைக்கே யுகேந்திரனுக்கு அருள் வந்து, எழுந்து நின்று ஆடி, மூன்று சுருட்டு பிடித்து, கோயிலை இத்தனை தாமதமாகக் கட்டியதற்குக் கமிட்டியை வாங்கு வாங்கென்று வாங்கினான். எல்லோருக்கும் பரம திருப்தி. என் வீட்டிலும் வாடை போய்விட்டது.

கிளம்பும்போது யுகேந்திரன் என் பின்னாலேயே வந்தான். தெளிந்திருந்தான், லோரி சாவி கையில் இருந்தது. "அக்கா, ரெண்டு மாசமா எனக்கு ஒரே கனவு. ஒரு ஜெட்டில உக்காந்திருக்கேன். ஆஸ்பத்திரி வேணாம், வீட்டுக்குப் போகணும்னு அழுவுறேன்க்கா. நான் படகுலயே ஏறுனதில்லக்கா" என்றான். கோயிலில் அவள் கேட்டதை ஆஸ்பத்திரிப் படகு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தீவுக்குத் திரும்பும் படகைத்தான் கேட்டிருக்கிறாள். பாவம், மேரு சாலையில் அவளுக்கு யாரைத் தெரியும்? என்னைக்கூட அவள் பார்த்துப் பத்தொன்பது வருஷமாகிறது.

அதனால் வீட்டைப் பூட்டாதீர்கள். எடுத்த பள்ளத்திலேயே அவளைக் கொண்டுவந்து போட வேண்டும். நானே கொண்டுவருகிறேன். மே 23, வியாழக்கிழமைப் படகு.

வருவதற்கு முன்னால் ஒன்றை எழுதிவிட வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. நீங்கள் சொல்ல மாட்டீர்கள். இத்தனை வருஷம் சொல்லவில்லை, சாகும்வரைக்கும் சொல்ல மாட்டீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் படகைப் பேசிவிட்டு, மழைச்சட்டையோடு சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள். "நீ சொல்லு லோகா, போவோமா?" என்று என்னைக் கேட்டீர்கள். பாப்பாவை இறுக்கிக்கொண்டு நான்தான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அலையைப் பார்த்து எனக்குப் பயம். பாப்பாவுக்காகப் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான் பயந்தேன். நீங்கள் வெளியே போய்ப் படகுக்காரரிடம் "கடல் சரியில்ல, காலையில போலாம்" என்றீர்கள். வெளியே நின்றவர்கள் காதில் விழுந்தது அது மட்டும்தான். அதையே பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னேன். உங்கள் அக்கா கடைசிவரை உங்களை அதற்காகவே திட்டினார்கள். நீங்கள் தலையைக் குனிந்து நின்றீர்கள். போன மாதம் எழுதியபோதும் நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் இல்லை. நான்தான்.

இதைப் படித்த பிறகு என்னை அழைக்க ஜெட்டிக்கு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வராவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும்.

உங்கள்,
லோகா